வலப்பக்கம் போன குரல்

நம்முடைய சவுண்ட்காரர்கள் குழுவில் போன கிழமை ஒரு பிள்ளை கேட்டிருந்தார். தன்னிடம் ஸ்டீரியோ மிக்சர் இருக்கிறது, அம்ப் மோனோவாக ஒன்றுதான் இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று. ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் வந்து குவிந்துவிட்டன. இடது பக்கத்தை மட்டும் மாட்டு என்றார் ஒருவர். இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஜாக்கில் போடு என்றார் இன்னொருவர். அவருடைய மிக்சர் இன்னும் புகையாமல் இருப்பது அவருடைய அம்மா செய்த புண்ணியம். நடுவில் ஒருவர் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார்.

நான் தொழிலை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் "நீங்களும் ஏதாவது சொல்லுங்க அண்ணே" என்று கேட்டிருந்தீர்கள். சரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மிக்சரின் பின்புறம் மோனோவுக்கென்று தனி வழி இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் இடது வழியை மட்டும் அம்புக்குக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள இடம் வலம் திருப்பும் குமிழ்களை எல்லாம் நடுவில் வையுங்கள். இரண்டு வயரை நேராக முறுக்காதீர்கள். பதில் இவ்வளவுதான். நான் இதை இருபத்தெட்டு வருடம் தெரிந்து வைத்திருந்தேன். ஆகவே தெரியாமல் செய்த பிழை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

குமிழ் என்ன செய்யும் என்று புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மைக், ஃபோன் எல்லாம் வந்து சேரும் ஸ்டீரியோ மிக்சரிலிருந்து சத்தம் வெளியே போக இரண்டு வழி உண்டு, இடம் ஒன்று, வலம் ஒன்று. சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் மோனோ அம்புக்குள் நுழைய ஒரே வாசல். இடதை மாட்டினால் வலது வழி சும்மா கிடக்கும். ஒரு குரலின் குமிழ் நடுவில் இருந்தால் அது இரண்டு வழியாலும் போகும், கவலை இல்லை. குமிழை முழுக்க வலப்பக்கம் திருப்பியிருந்தால் அந்தக் குரல் வலது வழியால் மட்டும் போகும். அங்கே எதுவும் மாட்டியிருக்காதபடியால் மிக்சருக்குள்ளேயே நின்றுவிடும். மிக்சரில் விளக்கு எரியும், உங்கள் ஹெட்போனில் கேட்கும், வெளியே ஒரு ஈ காக்காவுக்கும் கேட்காது.

ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதே மாதிரி ஒரு கீபோர்ட்காரருடைய பாதி வாசிப்பை விழுங்கியிருக்கிறேன். இடது வழியால் போன தடித்த சுரமெல்லாம் கேட்டது, வலது வழியால் போன மெல்லிய சுரம் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், மனிதர் தன் கீபோர்ட்தான் பழுதாகிவிட்டது என்று அதை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கக்கூடிய பிழை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் குமிழை வைத்து ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்யத் தொடங்கினோம். எங்களிடம் மோனோ அம்ப் இரண்டு இருந்தது. மண்டப வேலை என்றால் மிக்சரின் இடது வழியை ஓர் அம்புக்குக் கொடுத்து வெளியே மரத்தில் கட்டும் ஹோர்ன் ஸ்பீக்கருக்கும், வலது வழியை மற்ற அம்புக்குக் கொடுத்து உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் பிரித்துவிடுவோம். அறிவிப்பு இரண்டு பக்கமும் போகவேண்டும். ஃபோனில் போடும் பாட்டு உள்ளே மட்டும் போதும், வெளியே போனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிடும். ஆகவே ஃபோன் மாட்டும் இடத்துக் குமிழை முழுக்க வலப்பக்கம் திருப்பி வைப்போம். ஒரு மிக்சரை இரண்டாக்கி வேலை வாங்குகிறோம் என்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தலைவராக இருந்தவர், அதாவது தொழிலாளர்களுக்காகத் தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்ப் பேசுகிறவர், ராமையா. அவருடைய மனைவி பாக்கியம் அக்கா. ஒரே மகன் சுதாகர். அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் சவுண்ட் கட்டுவது நான்.

ஒரு வருடத் திருவிழாவில் அன்னதானம் முடிந்து தலைவர் நன்றி சொல்ல எழுந்தார். சுதாகர் ஓடிவந்து அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாருங் கேட்டுக்கங்க. ஒரு நாள் சம்பளத்துக்கு இனி ரெண்டு கிலோ கொழுந்து கூடப் பறிக்கணும்னு சொல்லியிருக்காங்கள்ல, அது தொர மட்டும் செஞ்ச வேல இல்ல. எங்கப்பா ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. கடுதாசிய நாங் கண்ணால பாத்தேன். இனிமே இவர யாரும் தலைவர்னு கூப்பிடாதீங்க. நானும் அப்பான்னு கூப்பிட மாட்டேன்."

நான் மைக்கின் சத்தக் குமிழை இறக்கியிருக்கலாம், ஒரு விரல் வேலை. இறக்கவில்லை. சண்டை பார்க்கும் ஆசை, வேறென்ன. அன்றைக்கு நான்கு ஹோர்னும் அருமையாக வேலை செய்தன. எதிர்மலைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் சொல் சொல்லாகக் கேட்டதாம்.

ராமையா ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மாதத்தில் சுதாகர் கட்டாருக்குப் போய்விட்டான். போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தோட்டத்தில் வேறொருவரைத் தலைவராக்கினார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்கள் ராமையாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்படியே நான்கு வருடம் போனது. பிறகு ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார்.

சாவு வீட்டுக்கும் சவுண்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா என்னை வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கூப்பிட்டார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"தம்பி, அன்னிக்கு அவன் பேசினது ஒங்க மைக்குலதானே?"

"ஆமாக்கா."

"இன்னிக்கும் ஒங்க மைக்குலயே பேசட்டும். லீவு குடுக்க மாட்டேங்கிறாங்களாம், வர முடியாதாம். கோல் எடுப்பான். அத எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போட முடியுமா?"

"போடலாங்கா. என் ஃபோனுக்கு எடுக்கச் சொல்லுங்க. மிக்சர்ல மாட்டிடுறேன்."

அவர் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சொன்னார்.

"அந்தக் கையெழுத்து எதுக்குப் போட்டாருன்னு அவனுக்கு இப்பத்தான் தெரியும். போன மாசந்தான் நாஞ் சொன்னேன். வயசான பொம்பளைங்க பன்னெண்டு பேர வேலையவிட்டு நிறுத்தப் போறதா தொர சொல்லியிருக்காரு. ரெண்டு கிலோவுக்கு ஒத்துக்கிட்டா அவங்கள நிறுத்த மாட்டோம்னு பேச்சு. வெளிய தெரிஞ்சா அதுவும் போயிரும்னு இந்த மனுசன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. அந்தப் பன்னெண்டு பேருக்கே தெரியாது தம்பி. அவங்களும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போனாங்க."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நாஞ் சொன்னா புருசனுக்குப் பரிஞ்சி பேசுறான்னுதான் சொல்லுவாங்க. கெடுத்த வாயே வந்து சொல்லணும். அதே சனத்துக்கு முன்னால சொல்லணும். பெட்டிய மூடுறதுக்கு முன்னால சொல்லணும்."

இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் நான் வேலைக்குப் போனேன். என்ன பொறுப்பு என் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சாவு வீடு சின்ன வேலை. ஓர் அம்ப், இரண்டு ஹோர்ன், இரண்டு மைக். இடது வழியை அம்புக்குக் கொடுத்தேன். வலது வழியில் ஒன்றும் இல்லை. மற்ற விசேஷங்களில் செட் கட்டி முடித்ததும் ஃபோனை மாட்டி ஒரு சாமிப் பாட்டுப் போடுவோம். அது கேட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். அந்தத் தோட்டத்தில் சாவு வீட்டில் பாட்டுப் போட மாட்டார்கள், தப்புப் பறை மட்டும்தான் அடிப்பார்கள். மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று சொல்வதுகூட மரியாதைக் குறைவு. மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். கேட்டது. ஃபோன் வழியைச் சோதிக்கவில்லை. மூன்று நாளைக்கு முன் தலவாக்கலையில் ஒரு கல்யாணம் செய்துவிட்டுப் பெட்டியில் வைத்த மிக்சரை அப்படியே எடுத்து வந்திருந்தேன். ஃபோனுக்கான குமிழ் முழுக்க வலப்பக்கம் திரும்பி இருந்தது.

மரியாதை கெடாமல் சோதிக்க வழியா இல்லை? யாரிடமாவது சொல்லி எனக்கு ஒரு கோல் எடுத்து, தொண்டையைச் செருமச் சொல்லியிருந்தால் போதும். அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. லயத்தின் கடைசி வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்தாழ்வாரத்தில், மேசை போட்டு மிக்சரை வைத்திருந்தேன். தலைக்கு மேலே தகரம். அடிக்கிற மழையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆகவே இரண்டு காதையும் மூடும் பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். அந்த ஹெட்போனில் இடது காது செத்து ஒரு வருடம். சாலிடர் வைத்தால் பத்து நிமிட வேலை. நாளைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம் என்று வலது காதை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். சரியான ஹெட்போனாக இருந்திருந்தால் குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்கும்போதே பிடித்திருப்பேன்.

முற்றத்தில் படங்கு கட்டி அதன் கீழே பெட்டியை வைத்திருந்தார்கள். சனம் குடையோடும் சாக்கோடும் படங்கைச் சுற்றி நின்றது. நான்கு பேர் இரங்கல் பேசினார்கள். யாரும் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. நல்ல மனிதர், அமைதியானவர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விலகினார்கள். வெட்டிய குழியில் தண்ணீர் நிரம்புகிறது, சீக்கிரம் எடுக்கவேண்டும் என்று மயானத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றரை மணிக்குச் சுதாகரின் கோல் வந்தது.

"அண்ணே, நாந்தாண்ணே. எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க தம்பி. மிக்சர்ல மாட்டுறேன். பத்து எண்ணிட்டுப் பேசுங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

தப்பை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். ஃபோனை மாட்டினேன். ஹெட்போனில் அவன் குரல் வந்தது. வெளிநாட்டுக் கோலில் அவ்வளவு சுத்தமான குரலை நான் கேட்டதே இல்லை. மிக்சரில் இடத்துக்கும் வலத்துக்குமாக விளக்கு இரண்டு வரிசை. ஒரு வரிசை மட்டும் ஏறி இறங்கியதை என் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திச் சனத்தைப் பார்த்தேன். ஓர் ஆள் அசையவில்லை. பாக்கியம் அக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி ஹோர்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேரும் அவனுடைய சொல்லில் கட்டுண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

நான்கு நிமிடம் பேசினான். கடைசியில் அழுதான். கோல் நின்றது. ஹெட்போனைக் கழற்றினேன்.

மழைச் சத்தம் மட்டும்தான். ராமையாவின் தம்பி சிவலிங்கம் நனைந்தபடி என்னிடம் ஓடிவந்தார்.

"என்னாண்ணே, லைன் வரலியா? எவ்வளவு நேரம் சனம் இப்பிடி நிக்கிறது?"

நான் மிக்சரைக் குனிந்து பார்த்தேன். குமிழைக் கண்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் என்னைப் பார்க்கவேண்டும். குமிழ் ஒரு கவனக்குறைவு, யாருக்கும் நடக்கும். இன்னும் கெட்டுப்போகவில்லை. பெட்டி மூடவில்லை. சனம் அங்கேயே நிற்கிறது. மகன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பான். "எம் மேல பிழ, இன்னொரு தடவ எடுக்கிறேன், அஞ்சு நிமிசம் குடுங்க" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேர் ஏசியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் தொழில் செய்கிறவன், தலைவர் வீட்டுச் சாவில் இப்படிச் செய்துவிட்டான் என்று தலவாக்கலை முழுக்கப் பேசுவார்களே என்ற பயம் முந்திக்கொண்டது.

"லைன் கட்டாயிருச்சி," என்றேன்.

அக்காவும் கிட்டே வந்துவிட்டார்.

"பேசவே இல்லையா தம்பி?"

"இல்லக்கா."

"கெடைக்கலையா, இல்ல அவன் பேசாம வச்சிட்டானா?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் இன்னொரு பொய்யாகும் என்று பேசாமல் நின்றேன். அதுவே பெரிய பொய்யாகிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"நான் எடுத்துப் பாக்கவா அண்ணி?" என்றார் சிவலிங்கம்.

"வேணாம். மூடுங்க," என்றார் அக்கா.

மூடினார்கள். தப்பு மறுபடி அடிக்கத் தொடங்கியது. அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அங்கே நின்றார்களோ எனக்குத் தெரியாது. யாரும் எதையும் தெரிந்துகொள்ளாமல் மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

சாமானை ஏற்றிக்கொண்டு வேனில் வரும்போது சுதாகரிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணே, எல்லாருக்கும் கேட்டுச்சா? அம்மா என்ன சொன்னாங்க?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கேட்டுச்சு தம்பி. எல்லாரும் அழுதாங்க" என்று எழுதி அனுப்பினேன். அவன் இரண்டு கை கூப்பிய படம் ஒன்று அனுப்பினான். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

மறுநாளே ஹெட்போனுக்குச் சாலிடர் வைத்தேன். மிக்சரில் எல்லாக் குமிழுக்கும் நடுவில் சிவப்பு மையால் கோடு போட்டேன். சாவு வீட்டு வேலையானாலும் ஃபோன் வழியைச் சோதிக்காமல் விடுவதில்லை என்று சட்டம் வைத்தேன். பரிகாரத்தையெல்லாம் கருவிக்குத்தான் செய்தேன், ஆளுக்குச் செய்யவில்லை. கருவிக்குச் செய்வது சுலபம், அது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்காது. என்னிடம் வந்து வயர் விஷயம் கேட்கிறீர்கள், நல்லது. பிழை நடந்து முடிந்த அந்த முதல் நிமிடத்தில் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, நான் பார்த்துவிட்டேன்.

எட்டு மாதம் போனது. தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் காக்காவின் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சிவலிங்கம் வந்து எதிரில் உட்கார்ந்தார். சுகம் விசாரித்துவிட்டு, சுதாகர் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் பேச்ச எடுக்காதீங்கண்ணே. அண்ணி அவன் கோலயே எடுக்கிறதில்ல. எனக்கு எடுத்து அழுவுறான். 'அத்தன சனத்துக்கு முன்னால மன்னிப்புக் கேட்டேனே சித்தப்பா, இன்னுமா அம்மாவுக்குக் கோவம் போவல'ங்கிறான். என்னா பொய்யின்னு பாருங்க! அப்பன் பொணத்த வச்சிக்கிட்டு இப்பிடிப் பொய் பேச மனசு வருமா? நாங்க எல்லாரும் அங்கதானே நின்னோம். நீங்களுந்தானே நின்னீங்க?"

"நின்னேன்," என்றேன்.

தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நான் சொன்ன பொய்க்கு அவன் பொய்யனாகியிருந்தான். தோட்டத்தில் அப்பனுக்கு ஒரு கெட்ட பெயர், மகனுக்கு ஒரு கெட்ட பெயர். இரண்டும் என் மிக்சர் வழியாகப் போனவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனேன். பாக்கியம் அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொழுந்துச் சாக்கின் அறுந்த பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "வாங்க தம்பி, யாரு வீட்டுல விசேசம்?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், ஹெட்போன், "கட்டாயிருச்சி" என்றது, வேனிலிருந்து மகனுக்கு அனுப்பிய பொய், எதையும் மறைக்கவில்லை.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

"அப்ப பேசினானா?"

"பேசினாருக்கா. நாலு நிமிசம் பேசினாரு."

"நான் எட்டு மாசமா எம் புள்ள கோல எடுக்கல."

அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்சம் ஆறியதும், "இப்பவே அவருக்கு எடுங்கக்கா," என்றேன். "அவரே எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுவாரு."

"எடுக்கத்தான் போறேன். அவங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். ஆனா அன்னிக்கு அவன் சொன்னது அவங்கப்பாவுக்குச் சொன்னது. அந்த மனுசன் மொகந் தெரிய படுத்திருக்கையில சொன்னது. அத மறுபடி சொல்லச் சொல்லி எப்பிடிக் கேக்கிறது? சொன்னாலும் அது வேற." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒங்களுக்குக் கேட்டுச்சுன்னீங்கள்ல?"

"கேட்டுச்சுக்கா. ஹெட்போன்ல நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப ஒக்காருங்க. மொதல்லருந்து சொல்லுங்க. ஒரு வார்த்த விடாம சொல்லுங்க."

உட்கார்ந்தேன்.

"மொதல்ல 'அப்பா'ன்னு கூப்பிட்டாரு. ரெண்டு தடவ."

"கூப்பிட்டானா?" அவருடைய முகம் மாறியது. நான்கு வருடம் கூப்பிடாத சொல் அது. "சரி, பெறகு?"

பிறகு என்ன? நான் நினைவைத் தோண்டினேன். இரண்டாவது 'அப்பா' கொஞ்சம் உரத்து வந்தது, சத்தக் குமிழை ஒரு நூல் இறக்கினேன். நடுவில் இரைச்சல் வந்தது, அதைக் குறைத்தேன். அவன் அழத் தொடங்கியதும் குரல் தாழ்ந்தது, ஏற்றினேன். ஒரு இடத்தில் மூச்சு மைக்கில் பட்டுப் படபடத்தது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எந்த விநாடியில் என் விரல் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அவன் சொன்ன சொற்கள் மட்டும் என்னிடம் இல்லை. நான் சத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'தப்பு'ன்னு ஒரு வார்த்த வந்துச்சுக்கா. 'மன்னிச்சிருங்க'ன்னு வந்துச்சு."

"அந்தப் பன்னெண்டு பேரப் பத்திச் சொன்னானா? அப்பா அவங்களுக்காகத்தான் செஞ்சாருன்னு சொன்னானா?"

சொன்னார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் என்ன சொல்ல இருந்தான் என்று எனக்குத் தெரியும், அக்காவே அன்றைக்குச் சொல்லியிருந்தார். நானாகவே நான்கு நிமிடத்துக்கும் கோர்த்துச் சொல்லியிருக்கலாம், அவர் மனம் ஆறியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த வீட்டில் ஏற்கனவே ஒரு பொய் சொன்னவன் நான்.

"தெரியலக்கா. சத்தம் கூடக் கொறைய வராம பாத்துக்கிட்டிருந்தேன். என்னா சொல்றாருன்னு கவனிக்கல."

அவர் கோபப்படவில்லை. ஒருவேளை தனக்குச் சரியாக விளங்கவில்லையோ என்பதுபோல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப ஒங்களுக்குங் கேக்கல," என்றார்.

"இல்லக்கா," என்றேன்.